வண்டி அருமை, ஹெட்லைட் பில் கொடுமை

நான் வைத்திருக்கும் அதே கார் மாடலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இடது பக்க ஹெட்லைட்டை மாற்றிவிட்டு வண்டியை எடுத்து வந்த கையோடு கேட்டதால் என் பதிலில் சூடு அதிகமாகவே இருந்தது. அவருக்கு ஒழுங்கான பதில் தர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிசி, மைலேஜ், பூட் அளவெல்லாம் தேடினாலே கிடைக்கும் என்பதால் அதற்குள் போகவில்லை.

ஹெட்லைட்டின் மேல் விளிம்பில் ஓடும் டிஆர்எல் பட்டை (பகலிலும் எரியும் விளக்கு) சில வாரம் மினுக்கிக்கொண்டே இருந்தது, அப்புறம் பாதி அணைந்துவிட்டது. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "டிஆர்எல் மட்டும் தனியா வராது சார், முழு அசெம்பிளியாத்தான் வரும்" என்றார்கள். முன்னால் கண்ணாடி மாதிரித் தெரிவது பாலிகார்பனேட். அதைப் பின்கூட்டோடு பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளே எல்இடிகள் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தால் சீல் போய் ஈரம் இறங்கும் என்பதால் அங்கே யாரும் அதில் கை வைப்பதில்லை. முன் பம்பரைக் கழற்றி, புது லைட்டை மாட்டி, ஸ்கேனரை வைத்து கோடிங் போட்டு, புது லைட்டைக் காரின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்திய பிறகுதான் டேஷ்போர்டில் எரிந்த எச்சரிக்கை போனது. வழக்கமாக ஒரு வருட சர்வீஸுக்கு நான் கொடுப்பதைவிடப் பெரிய பில். கெட்டுப்போனதோ ஒரு விரல் அகலப் பட்டை.

இதற்கு முன் வைத்திருந்த பழைய காரில் எச்4 ஹாலஜன் பல்பு. கனெக்டரை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பை ஒதுக்கினால் பல்பு கைக்கு வந்துவிடும். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டால் விரல் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் இன்னும் எளிமையாக இருந்திருக்கிறது. 1940இலிருந்து 7 அங்குல வட்ட சீல்டு பீம்தான் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாகவே மூடி வரும் விளக்கு) அங்கே பொது அளவு. பிறகு வேறு சில அளவுகள் வந்தபோதும் எல்லாம் எல்லா கம்பெனிக்கும் பொதுவானவை. 1983இல் அந்த விதி தளர்ந்தது, அடுத்த வருட மாடலான லிங்கன் மார்க் செவன் தனக்கென்று வடிவமைத்த விளக்கோடு வந்தது. இன்று ஒரு காரின் விளக்கு இன்னொரு காரில் உட்காராது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்த எல்இடி வெளிச்சத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2007இல் லெக்ஸஸ் எல்எஸ் 600எச் காரின் லோ பீமில் வந்த தொழில்நுட்பம் இன்று சாதாரண கார்களுக்கும் இறங்கிவிட்டது. மழை இரவில் சாலை ஓரத்தின் வெள்ளைக்கோடு முன்கூட்டியே தெரிகிறது. பழைய காரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டிய அலுப்பு இப்போது இல்லை. விளக்கு மட்டுமில்லை, பழைய காரில் கதவின் அடி விளிம்பு வருடா வருடம் துருப்பிடித்து உதிரும். இந்தக் காரில் துருவே இல்லை. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்த காலமும் போய்விட்டது, சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. பல பழைய கார்களில் ஓடோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான், ஒரு லட்சத்தைத் தொட்டால் மறுபடி பூஜ்ஜியம். இன்றைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியது ஒரு செய்தியே இல்லை. பாதுகாப்புக்கு ஒரே உதாரணம் போதும். 2009இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் அமைப்பு 1959 மாடல் ஷெவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதி நசுங்கியே போனது. அந்தக் காலத்து கனத்த தகரத்தைப் புகழ்பவர்கள் அந்த வீடியோவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

விலைக் கணக்கிலும் இதே மாதிரி நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. ஃபோர்டு மாடல் டி 1908இல் 850 டாலருக்கு வந்தது. 1925இல் அதன் மலிவான வகை 260 டாலருக்கு இறங்கியது. அன்று விலை இறங்கியதை வாங்குபவர் கண்ணாலேயே பார்த்தார். இப்போது அப்படியில்லை. ஷோரூம் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் அமெரிக்க அரசின் புதுக் கார் விலைக் குறியீடு 1997க்கும் 2020க்கும் நடுவே ஏறக்குறைய நகரவே இல்லை. கூடுதலாகச் சேர்ந்த பாதுகாப்பு, வசதி போன்றவற்றின் மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் அந்தக் குறியீட்டைப் போடுகிறார்கள். கழிப்பது சரிதான், நல்ல பொருளுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கும் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கணக்கு கார் வாங்கும் நாளோடு முடிகிறது. முன்பு பல்பு மாற்றிய இடத்தில் இன்று முழு விளக்கையே மாற்ற வேண்டியிருப்பது வாரண்டி முடிந்த பிறகு என் செலவில் வந்து நிற்கிறது. டிஆர்எல் பட்டையைத் தனி பாகமாகக் கொடுங்கள், பின்மூடியை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள் என்றுதான் கேட்கிறேன். துருவையே ஒழித்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

நண்பருக்கு என் பதில்: இந்த மாடல் வேண்டாம். இவ்வளவு பாராட்டிவிட்டு வேண்டாம் என்கிறானே என்று நினைக்கலாம். இன்றைய மனநிலையில் என்னால் வேறு சொல்ல முடியவில்லை. வாங்கியே தீருவேன் என்றால் ஹாலஜன் பல்பு வரும் கீழ் வேரியண்ட்டை எடுங்கள், வெளிச்சம் குறைவுதான், ஆனால் பல்பை நீங்களே மாற்றலாம். எந்தக் கார் எடுத்தாலும் டெஸ்ட் டிரைவுக்கு முன் பார்ட்ஸ் கவுண்டரில் ஒரு ஹெட்லைட் என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். என் வண்டியின் வலது பக்க விளக்குக்கும் இடது பக்கத்தின் வயசுதான். அது மினுக்க ஆரம்பிப்பதற்குள் வண்டியை விற்றுவிடலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.