படகில் ஒரு ராத்திரி: ஆலப்புழையா, கொல்லமா?

வைகையில் படகு விடப்போகிறேன் என்றால் மதுரையே சிரிக்கும். தெப்பக்குளத்தில் படகு உண்டு, படுக்க விடமாட்டார்கள். அந்த ஆசைக்கு மலை தாண்டித்தான் ஆகவேண்டும். போன கிறிஸ்துமஸ் லீவில் ஆலப்புழை, இந்த மாசியில் கொல்லம், இரண்டிலும் குடும்பத்தோடு படகு வீட்டில் ஒரு ராத்திரி.

அறை, சாப்பாடு, கரிமீன் வறுவல் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். வாடகையும் சீசனைப் பொறுத்தது.

வித்தியாசம் பொழுது சாய்ந்த பிறகு. மதியம் 12க்கு ஏறி மறுநாள் காலை 9க்கு இறங்குகிறோம். மீனவர்கள் வலை போடும் நேரம் என்று மாலை 5.30 வாக்கில் படகைக் கட்டிவிடுகிறார்கள். 21 மணி நேரத்தில் ஏறக்குறைய 15 மணி நேரம் நின்ற படகில்தான். எங்கே கட்டுவீர்கள் என்று கேட்காமல் முன்பணம் கொடுத்தது என் தப்பு.

ஆலப்புழையில் வரப்போரம் படகுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பக்கத்துப் படகு ஜெனரேட்டரின் புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், ஏசியோ ராத்திரி 9 மணிக்குத்தான். "இதுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலயே படுத்திருக்கலாங்க" என்றாள் வீட்டுக்காரி.

கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் நகரத்தின் மடியிலேயே கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே படகுத்துறை. எங்களைக் கரையிலிருந்து தள்ளி, தனியாக நங்கூரமிட்டார்கள். தூரத்தில் ஊர் விளக்குகள், பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டும் சத்தம். ஆகாயத்தாமரைகூட கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. "உப்புத் தண்ணி அண்ணா" என்றார் படகுக்காரர். நீண்டகரை முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஆலப்புழைப் பக்கம் தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் உப்பை மறிப்பதால் அந்தச் செடிக்குக் கொண்டாட்டம்.

போகிற வழியிலும் கொல்லம் பக்கமே என் ஓட்டு. மதுரையில் ஏறினால் செங்கோட்டை தாண்டி 13 கண் பாலம் வழியாக ரயிலே கொண்டுபோய் விடுகிறது. ஆலப்புழைக்குப் போனபோது குமுளி மலைப்பாதை வளைவுகளில் சின்னவன் இரண்டு தடவை வாந்தி.

கூட்ட நாளில் ஆலப்புழை போனதால் என் கணக்கு கொஞ்சம் ஓரவஞ்சனையாக இருக்கலாம். மழைக்காலத்தில் இரண்டையும் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் ஆலப்புழைக்கு விட்டுக்கொடுக்கிறேன். விடியற்காலை மேல்தளத்தில் நின்றால் வயல் நமக்குக் கீழே கிடக்கிறது. ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டு நிலம் கடல் மட்டத்துக்கும் தாழ்வு. காட்டலாம் என்று எழுப்பப் போனேன். 6 மணிக்கு ஜெனரேட்டர் நின்று, அப்போதுதான் எல்லாரும் கண்ணசந்திருந்தார்கள்.