திருக்கோணமலை நிலாவெளிப் பக்கம் "குளூட்டன் ஃப்ரீ" எண்டு போட்ட இடத்தில பிள்ளையோட தங்கப்போறாக்கள் ஒருக்கா வாசியுங்கோ

இதை எழுதுவமா விடுவமா எண்டு ரெண்டு மாசமா யோசிச்சனான். சீசன் நேரம், கடற்கரைப் பக்கம் நாலு பேர் பிழைக்கிற தொழில், ஏன் நாங்கள் கெடுப்பான் எண்டு என்ர மனுசனும் சொன்னவர். ஆனா ஆடி ஆவணி லீவுக்கு லண்டன்ல இருந்தும் கனடாவில இருந்தும் எத்தினை குடும்பம் திருக்கோணமலைக்கு வெளிக்கிடப்போகுது, அதில ஒரு பிள்ளைக்கு என்ர மகளின்ர வருத்தம் இருந்தா அந்தத் தாய்க்கு இது தெரிஞ்சிருக்க வேணும். அதுக்காக எழுதுறன். இடத்தின்ர பெயர் போடேல்ல, பெயரை விட நடந்த விசயம்தான் முக்கியம், ஏனெண்டா இது அந்த ஒரு இடத்தில மட்டும் நடக்கிற வேலை இல்லை.

மகளுக்கு 9 வயசு, சீலியாக் இருக்கு. அஞ்சு வயசில பிடிபட்டது. வயிறு ஊதி, கைகால் மெலிஞ்சு, வளர்த்தி அப்பிடியே நிண்டு, என்ன குடுத்தாலும் இரத்தத்தில இரும்புச்சத்து ஏறாம ஒரு வருசம் அலைஞ்சனாங்கள். பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்து, கமரா விட்டுக் குடலில சின்னத் துண்டு எடுத்து உறுதிப்படுத்தினவை. கோதுமை, பார்லி, ரை இந்த மூண்டிலையும் இருக்கிற குளூட்டன் எண்ட புரதம் உள்ள போனா உடம்பு தன்ர சிறுகுடலையே எதிரி மாதிரி நினைச்சு அடிக்குது, குடலுக்குள்ள விரல் மாதிரி நிக்கிற முளையள் தட்டையாப் போகுது, பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு குடுத்தும் சத்து ஏறாது. குளிசை இல்லை, ஊசி இல்லை, வாழ்நாள் முழுக்க அதைத் தொடாம இருக்கிறது ஒண்டுதான் வைத்தியம். "ஒரு கடி தானே, பிள்ளை ஆசைப்படுது" எண்டு சொல்லுற சொந்தக்காரருக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு.

லண்டன்ல இதோட வாழப் பழகிட்டம். 2014 கடைசியில இருந்து பக்கற் சாமான் எல்லாத்திலையும் கோதுமை, பார்லி மாதிரிச் சாமான்களைத் தடிச்ச எழுத்து மாதிரி எடுப்பாத் தெரியப் போடவேணும் எண்டு சட்டம். குளூட்டன் ஃப்ரீ எண்டு லேபிள் அடிக்க வேணுமெண்டா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது. அங்க அந்தச் சொல்லுக்கு ஒரு அளவு இருக்கு, பிழைச்சா கேக்கலாம். அப்பிடி ஒரு நாட்டில இருந்து பழகினதால எங்க அந்தச் சொல்லைக் கண்டாலும் நம்புற பழக்கம் வந்திட்டுது. அதோட நான் திருக்கோணமலையில பிறந்து வளர்ந்தவள், எங்கட சாப்பாடு எண்டா சோறு, இடியப்பம், பிட்டு, தோசை, எல்லாம் அரிசி தானே, லண்டனை விட ஊரில பிள்ளை நிம்மதியாச் சாப்பிடும் எண்டுதான் நினைச்சிருந்தன்.

சித்திரை வருசத்துக்கு வந்தனாங்கள். சின்னம்மா வீட்டில ஆக்கள் கூட, அதால முதல் அஞ்சு நாள் நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட இருக்கிற ஒரு கெஸ்ட் ஹவுஸில அறை எடுத்தம். அவையின்ர மெனுவில பச்சை இலை அடையாளம் போட்டு குளூட்டன் ஃப்ரீ எண்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் எடுத்தனான். அப்பிடியும் விடேல்ல, வாறதுக்கு மூண்டு கிழமை முதலே வட்ஸ்அப்பில தமிழில வடிவா எழுதினன், மகளுக்குக் கோதுமை மா ஒரு துளியும் ஆகாது, அதே சட்டி அதே எண்ணெய் கூட ஆகாது எண்டு. ஓனர் தம்பி குரல் மெசேஜ் போட்டவர், "ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா, எங்களிட்ட வெள்ளைக்காரர் கனபேர் உந்தப் பிரச்சினையோட வாறவை, தனியாச் செய்து தருவம்" எண்டு. தனியாச் செய்யிறதுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபா கூட. ஓம் எண்டு அஞ்சு நாளுக்கு 7,500 ரூபாயையும் அறைக் காசோட முன்னுக்கே அனுப்பினன். தனிச் சட்டி, தனி ஆள் எண்டா அது நியாயமான காசு, நான் இப்பவும் அதில குறை சொல்லேல்ல.

முதல் நாள் இரவு சோறும் பாரைமீன் குழம்பும், ஒண்டும் செய்யேல்ல. அடுத்த நாள் காலமை சிவப்பு இடியப்பம், சொதி, சம்பல். பிள்ளை ஏழு இடியப்பம் சாப்பிட்டுது, நான் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டன். அண்டைக்குப் புறாமலைக்குப் போட்டில போனம், போற வழியிலேயே சத்தி. கடல் ஒத்துக்கேல்ல எண்டு நினைச்சம். பின்னேரம் வயிறு கல்லு மாதிரி ஊதி, இரவு முழுக்க வயித்தால போச்சுது. ஓனர் தம்பி தண்ணி மாறினது அக்கா, வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு இது வழமை எண்டவர். அடுத்த நாள் காலமை லேசான சாப்பாடு குடுப்பம் எண்டு நானே என்ர கையால அதே இடியப்பத்தை நாலு பிசைஞ்சு ஊட்டினன். அதை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

அண்டைக்குப் பின்னேரம் பிள்ளை எழும்ப ஏலாமல் போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். அங்க இருந்த இளம் டொக்டர் பிள்ளைக்கு சீலியாக் எண்டு சொன்ன உடன என்ன சாப்பிட்டது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டவ, இடியப்பம் எண்டதும் "ஆர் அவிச்சது, கண்டனீங்களோ?" எண்டா. எனக்கு அப்பதான் தலையில அடிச்ச மாதிரி இருந்தது. சேலைன் ஏத்தி, ஜீவனி எண்ட உப்புச்சீனித் தூளைக் கரைச்சுக் குடுக்கச் சொல்லி விடியப் பார்த்து அனுப்பினவை. அவவுக்கு நான் எண்டைக்கும் கடமைப்பட்டவள்.

திரும்பி வந்த உடன, காலமை ஆறரை இருக்கும், கேற்றடியில நிண்டன். ஒரு பொடியன் மோட்டார் சைக்கிள்ல பெரிய பெட்டி ரெண்டு கொண்டுவந்து குசினிக்குள்ள வைச்சிட்டுப் போறான். அவ்வளவுதான் விசயம். இடியப்பம் அங்க அவிக்கிறதே இல்லை, வெளியில ஒரு வீட்டில இருந்து வருது, எல்லா அறைக்கும் அதே பெட்டிதான். எனக்கு எண்டு தனியா எடுத்த காசுக்கு அவை செய்தது, அந்தப் பெட்டியில இருந்து சிவப்பு இடியப்பத்தை வேற பிளேட்டில எடுத்து மேல ஒரு கறிவேப்பிலை வைச்சதுதான்.

பொடியனிட்ட இடம் கேட்டு அந்த வீட்டுக்கே போனன். ஒரு அன்ரி, விடிய மூண்டு மணிக்கு எழும்பி நாலு இடத்துக்கு அவிச்சுக் குடுக்கிறவ. ஒளிக்கேல்ல அவ. "தனி அரிசி மா எண்டா உடைஞ்சு போகும் பிள்ளை, கட்டாது, அரைவாசிக்கு அவிச்ச கோதுமை மா போட்டாத்தான் மெதுவா வரும், எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது" எண்டா. வருத்தக்காரப் பிள்ளை ஒண்டு சாப்பிடுது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ எண்டு கேட்டன். அவவுக்குக் கண் கலங்கிட்டுது. "சொல்லியிருந்தா தனி அரிசி மாவில பிழிஞ்சு குடுத்திருப்பனே" எண்டு சொன்னா. அவவில எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை.

ஓனரிட்ட வந்து கேட்டா முதல்ல இல்லவே இல்லை எண்டார். அன்ரி சொன்னதைச் சொன்ன பிறகு, "அது அவிச்ச மா தானே அக்கா, அவிச்சா அந்தப் பசை போயிடும்" எண்டார். இதைக் கவனமாக் கேளுங்கோ, ஏனெண்டா இதே கதையை என்ர சொந்தத்துக்குள்ளயே ரெண்டு பேர் சொன்னவை. கோதுமை மாவை அவிச்சு அரிச்சா கையில ஒட்டாது, உண்மைதான். ஆனா அந்தப் புரதம் எங்கயும் போகாது. அவிச்சாலும் வறுத்தாலும் பொரிச்சாலும் சீலியாக் இருக்கிற பிள்ளைக்கு அது அதேதான்.

ஊரில நான் மறந்துபோயிருந்த விசயம் ஒண்டு. எங்கட வீடுகளில "மா" எண்டு மொட்டையாச் சொன்னா அது கோதுமை மா. சீனக்குடாவில 1980ல இருந்து பெரிய மா ஆலை ஓடுது, நாடு முழுக்க மா போற ஊரில இருந்துகொண்டு நான் அரிசியை மட்டும் நினைச்சிருந்தன். பிட்டுக்கும் அப்பத்துக்கும் அந்தக் கோதுமை மாவைக் கலக்கிறவை, எங்கட தோசை மாவுக்கே கோதுமை மா கரைச்சு விடுற வீடுகள் எத்தினை. குரக்கன் றொட்டி எண்டு நம்பி எடுத்தா அதிலயும் கட்டுறதுக்குப் பாதி கோதுமை மா. உளுந்து வடைக்குள்ளயும் கொஞ்சம் போடுவினம், போடாட்டியும் றோல்ஸும் கட்லட்டும் பொரிச்ச அதே எண்ணெய்தான். கணவாய் டெவல், ஃப்ரைட் ரைஸ் எல்லாத்துக்கும் சோயா சோஸ், அதிலயும் கோதுமை இருக்கு. சாம்பார், ரசத்துக்குப் போடுற கூட்டுப் பெருங்காயத் தூளைக் கோதுமை மாவோட கலந்துதான் கனபேர் விக்கிறவை. மோல்ற் போட்ட பால்மா எல்லாம் பார்லி. இடியப்ப மா எண்டு பக்கற்றில விக்கிறதையும் பின்பக்கம் வாசிக்காமல் வாங்காதேங்கோ.

அதால கடையிலயோ கெஸ்ட் ஹவுஸிலயோ "குளூட்டன்" எண்டு கேட்காதேங்கோ, தெரியாட்டியும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். "இதில கோதுமை மா, ஆட்டா மா, ரவை, சோயா சோஸ் ஏதும் போட்டிருக்கோ, ஆர் செய்தது, அந்த ஆளோட கதைக்கலாமோ" எண்டு கேளுங்கோ. குசினிக்குள்ள விடமாட்டம் எண்டா சாப்பிடாதேங்கோ. கூடக் காசு கேட்டா என்னத்துக்கு எண்டு கேளுங்கோ, தனிச் சட்டியைக் காட்டச் சொல்லுங்கோ. நான் கேட்டிருந்தா முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

மிச்ச நாள் சின்னம்மா வீட்டிலதான். சின்னம்மா புதுசா அலுமினியச் சட்டி ரெண்டு, புது அரிதட்டு, புது இடியப்ப உரல் வாங்கினவ, பழைய பின்னல் தட்டுகளில கோதுமை மா இடுக்கில ஒட்டியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் நம்ப ஏலாது எண்டு அதையும் மாத்தினவ. சிவப்பு அரிசியை ஊறப்போட்டு வீட்டிலயே இடிச்சு அரிச்சு வறுத்தா, மில்லுக்குக் குடுக்கேல்ல, ஏனெண்டா மில்லில முதல் ஆள் என்ன அரைச்சதோ தெரியாது. உடைஞ்சு போகும் எண்டு அன்ரி சொன்னவ, ஆனா கொதிதண்ணி விட்டு நல்லாக் குழைச்சா இடியப்பம் உடையவே இல்லை. மரவள்ளிக்கிழங்கு, அவிச்ச பயறு, ஒடியல் கூழ் எண்டு பிள்ளை நாலு நாளில மெல்ல மெல்லத் தேறிச்சுது. வாய்ப்புண் மட்டும் லண்டன் வந்தும் மாறேல்ல.

காசு விசயம். 7,500ஐயும் தங்காத ரெண்டு இரவின்ர வாடகையையும் கேட்டன். அடுத்த முறை வந்தா கழிச்சு விடுறன் எண்டு சொன்னார், அடுத்த முறை எண்டு ஒண்டு இல்லை எண்டன். ஆஸ்பத்திரித் துண்டும் முந்தின குரல் மெசேஜும் அனுப்பின பிறகு 5,000 போட்டவர், அதோட என்னை வட்ஸ்அப்பில புளொக் பண்ணிட்டார். காசு போனாப் போகட்டும். நேற்று இரவு அவையின்ர பக்கத்தைத் திறந்து பார்த்தன், சீசனுக்குப் புது மெனு போட்டிருக்கினம், சிவப்பு இடியப்பத்துக்குப் பக்கத்தில அந்தப் பச்சை இலை அப்பிடியே இருக்கு.