வாயால் ஓட்டும் கணினி: ஒரு டிடிபி கடையிலிருந்து

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டிடிபி கடையில் 18 வருஷமாக டைப் அடிக்கிறேன். போன வருஷம் வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. மவுஸைப் பிடித்தால் முழங்கை வரை சுண்டி இழுக்கும். கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். கடையை மூட முடியாதே. அதனால் ஆறு மாதமாகக் குரலால் கணினியை ஓட்டும் மூன்று வழிகளை வைத்துப் பார்க்கிறேன்.

கையைக் காப்பாற்றியது விண்டோஸ் 11-ல் உள்ள வாய்ஸ் அக்சஸ். 2022-ல் வந்த இலவச வசதி. மொழிக் கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். "ஷோ நம்பர்ஸ்" என்றால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் வந்து உட்காரும். "கிளிக் 14" என்றால் முடிந்தது. எண் விழாத இடத்தில் கிரிட் இருக்கிறது: திரை ஒன்பது கட்டமாகப் பிரியும், 5 என்றால் நடுக்கட்டம் மறுபடி ஒன்பதாகும். ரெண்டு மூணு எண்ணில் சரியான புள்ளிக்குப் போய்விடலாம். ஆனால் சொல் மாறக்கூடாது. கொஞ்சம் வளைத்துச் சொன்னாலும் புரிந்துகொள்ளும் வசதி 2025-ல் வந்தது; முதலில் கிடைத்தது ஏஐ வேலைக்கென்றே வரும் கோபைலட் பிளஸ் கணினிகளில், அதிலும் ஸ்நாப்டிராகன் சில்லு உள்ளவற்றில். எங்கள் கடைக்கு அது எட்டாது. இந்திய ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை.

எழுத்து அடிக்க, நெட்டில் ஓடும் கூகுள் டாக்ஸ். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மைக் திறக்கும். 2017-லிருந்து கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வரப்புத் தகராறுக்கு மனு எழுத வந்தார். "நீங்களே சொல்லுங்கய்யா" என்று மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். "எங்க வரப்பத் தள்ளி வேலி போட்டுட்டாங்கம்மா" என்றார். திரையில் அது வரிசையாக விழுந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் சொன்னதை மனு நடைக்கு மாற்றுவது மட்டும்தான் என் கைக்கு மிச்சம். சர்வே நம்பரை மட்டும் எப்போதும் கையால்தான் அடிப்பேன். 148/2ஏ என்பதில் ஒரு கோடு மாறினாலும் அது வேறு நிலம். ஒரு குறை: டாக்ஸில் குரல் கட்டளை ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழில் "இந்த வரியை அழி" என்றால் அழிக்காது, அதையும் எழுத்தாக்கிவிடும்.

மூன்றாவது, இயல்பாகப் பேசினால் புரிந்துகொண்டு நமக்காகக் கணினியை ஓட்டும் ஏஐ ஏஜென்ட். ஆந்த்ரோபிக் நிறுவனம் கிளாடு என்ற தன் ஏஐக்கு 2024 அக்டோபரில் இதைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆப்பரேட்டர் என்ற ஏஜென்ட் வந்தது. திரையைப் படம் பிடித்து, எங்கே அழுத்துவதென்று முடிவு செய்து, அழுத்திவிட்டு மறுபடி படம் பிடிக்கும். "நேத்து அடிச்ச பட்டா மனுவ எடுத்து பேர மட்டும் மாத்து" என்று பேச்சை எழுத்தாக்கிக் கொடுத்தால் போதும். தெற, தொற, ஓப்பன் பண்ணு, எப்படிச் சொன்னாலும் சரி. மற்ற இரண்டிலும் இந்தச் சுகம் கிடையாது.

ஆனாலும் கடையில் இதை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் படம் பிடித்துப் பார்ப்பதால் மெதுவாக நகரும். நான் வைத்துப் பார்த்த ஒன்று, ஒரே பேரில் இருந்த இரண்டு கோப்பில் பழையதைத் திருத்திச் சேமித்துவிட்டது. அதைவிடப் பெரிய காரணம், இந்தப் படங்கள் நெட் வழியே வெளியே உள்ள சர்வருக்குப் போகின்றன. நம்மை நம்பி ஒருவர் நீட்டிய ஆதார் அட்டை திரையில் இருக்கும்போது அப்படி அனுப்ப எனக்கு மனசு வராது. வீட்டில் என் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆக, மவுஸ் வேலைக்கு முதலாவது, தமிழ் அடிக்க இரண்டாவது. ஹெட்செட் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும்; வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரனும் தலைக்கு மேல் ஃபேனும் இருக்கிற கடையில் லேப்டாப் மைக் உதவாது.

கடையில் உதவிக்கு இருக்கும் தங்கச்சிக்கும் விரல் வலி தொடங்கிவிட்டது. அவளுக்கு இங்கிலீஷ் கட்டளை நாக்கில் நிற்கவில்லை. "அக்கா, நான் 'எண் காட்டு'ன்னு சொன்னா அதுக்குப் புரியாதா?" என்றாள். திற, மூடு, மேலே, கீழே, எண் காட்டு என்று முப்பது தமிழ்ச் சொல், நெட் இல்லாமல் கேட்டால் போதும், அவள் நாளைக்கே மவுஸைத் தள்ளி வைத்துவிடுவாள்.