கையில் பணமா, தட்டில் சோறா, விடுதியில் இடமா?

கல்லூரி திறப்பதற்கு முன்பே பழைய மாணவர்கள் சிலர் வந்து கேட்டார்கள்: "சார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறோம். பிள்ளைகளுக்குப் பணமாகக் கொடுக்கலாமா, சாப்பாட்டுக்குக் கொடுக்கலாமா, வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் பார்க்கலாமா?" வேலூரில் இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியும் அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்து அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பசி எடுக்காது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கல்லூரி வளாகத்தில் அதைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் காலை ஷிப்டுக்கு வருகிற பிள்ளை விடிந்தும் விடியாமலும் பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். பதினோரு மணி வகுப்பில் மேசையில் தலை சாய்த்தவர்களைச் சோம்பேறிகள் என்று நானும் பல ஆண்டுகள் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

முதலில் கைப்பணம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இதன் பெரிய பலம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பதுதான். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அந்த ஆயிரத்தை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது? குடியாத்தத்தில் பீடி சுற்றும் தாய்க்குக் குழுக்கடன் தவணை வந்து நிற்கும்போது மகளின் கணக்கில் இருக்கும் பணம்தான் முதலில் கண்ணில் படும். அது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. முழுத் தொகையும் பிள்ளையிடமே இருந்தாலும், மாதத்தில் இருபத்தைந்து கல்லூரி நாள் என்று வைத்தால் நாளுக்கு நாற்பது ரூபாய். இதைத் தவிர, ஐந்தாறு ஆண்டு மெட்ரிக் பள்ளியில் படித்து, நடுவில் தந்தையை இழந்த பிள்ளைக்கு இந்தப் பணம் கிடையாது. பழைய மாணவர்கள் பணமாகத்தான் கொடுப்பார்கள் என்றால் இப்படி விடுபட்டவர்களுக்குக் கொடுக்கட்டும்.

அடுத்தது விடுதி. பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு வழியே இல்லை. இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுத் தொகை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு ஐம்பது ரூபாய். பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவியருக்கு இந்தத் தூர விதி இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

விடுதியில் எனக்குள்ள கவலை சோற்றைப் பற்றியது அல்ல. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் விடுதிக்கு விண்ணப்பிக்க முடியும். இடம் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்? படிப்பை விட்டவர்களை எண்ணிப் பார்த்தால், என் கண் முன்னால் போனவர்களில் பலர் அந்த முதல் சில வாரங்களில்தான் போனார்கள். தனி அறை எடுக்க முன்பணம் வேண்டும். ஆண்டு முழுக்க வாடகை கட்டுவதைவிட இந்த இடைவெளியை அடைப்பது மலிவு, பயனும் கூடுதல்.

தினமும் போய்வருவதற்கு உதவி ஓரளவு இருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு பஸ் பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரை ரயில் சீசன் டிக்கெட் இலவசம். பயணத்துக்குப் பழைய மாணவர்கள் பணம் போட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பத்து ரூபாயில் வயிறு நிறையும். ஆனால் இருபது நிமிட இடைவேளையில் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் மதியச் சாப்பாட்டு டோக்கன் கொடுத்துப் பார்த்தோம். பதினைந்து பெயர்களைப் பட்டியல் எடுத்தோம். இரண்டாம் வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். ஒரு பையனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "சாப்பிட்டுவிட்டேன் சார்" என்றான். முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டவன் போல இல்லை. டோக்கன் வாங்குகிறவன் என்ற பெயரைச் சுமப்பதைவிடப் பசி அவனுக்கு எளிதாக இருந்திருக்கிறது. பட்டியலைக் கிழித்துப் போட்டோம். காலை இடைவேளையில் துறை அறைக்கு வெளியே ஒரு பாத்திரம் சுண்டலும் ஒரு தார் வாழைப்பழமும் வைத்தோம். யார் எடுக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. மணி அடிப்பதற்குள் பாத்திரம் காலியானது. கையில் காசுள்ள பிள்ளைகளும் எடுத்தார்கள். அவர்கள் எடுத்ததால்தான் மற்றவர்களும் கூசாமல் எடுத்தார்கள்.

ஆகவே என் வரிசை இது: பெயர் கேட்காத காலை உணவு முதலில், விடுதி கிடைக்கும்வரை தங்க இடம் அடுத்து, பணம் கடைசியில். கேட்டு வாங்க வேண்டிய உதவி, மிகவும் தேவைப்படுகிறவனைத்தான் கடைசியில் சென்றடைகிறது.

வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இவற்றையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன கேட்பார்கள், மனம் உடைந்த பிள்ளை டெலி-மனஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது என்பதையெல்லாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

முதல் தவணை வந்துவிட்டது. பெரிய பாத்திரம் ஒன்று வாங்கிவிட்டோம். சுண்டலா, பொங்கலா என்பதைத் திங்கட்கிழமை பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன்.