எடை குறைவது நின்றபோது சமையலறைத் தராசு: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சமையலறைத் தராசு ஒன்றையும், கைபேசியில் உணவைப் பதிவு செய்யும் செயலி ஒன்றையும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். எங்கள் வீடு பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் இருக்கிறது. கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், நான் என நால்வருக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு. என் எடை 83 கிலோவிலிருந்து 75 கிலோ வரை சீராகக் குறைந்து வந்து, அதன்பின் ஒரு மாதத்துக்கும் மேலாக அசையாமல் நின்றது. செயலியில் நாள்தோறும் 1,500 கலோரியை ஒட்டியே பதிவாகிக்கொண்டிருந்தது, நடையும் குறையவில்லை. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். சிலர் தம் உடல்வாகே இப்படித்தான் என்று முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். இவ்விரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும், உண்பதையெல்லாம் நான்கு வாரம் கிராம் கணக்கில் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், நின்றிருப்பது உண்மையிலேயே எடைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். உடலில் தங்கும் நீரின் அளவு உப்பைப் பொறுத்தும், முந்தைய நாள் உண்ட சோற்றைப் பொறுத்தும், பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியைப் பொறுத்தும் ஒன்றிரண்டு கிலோ வரை கூடிக் குறையும். ஆகவே ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. காலையில் எழுந்து கழிவறைக்குச் சென்று வந்தபின் தினமும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதி வைத்து, அந்தச் சராசரி மூன்று நான்கு வாரங்களாக மாறாமல் இருந்தால் மட்டுமே அதைத் தேக்கம் என்று கொள்ளலாம்.

தொடக்கத்தில் கண் அளவு போதுமானதாக இருந்தபோது, பின்னர் மட்டும் ஏன் போதவில்லை என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது விளங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவாகிறது என்றும், அவர் 1,500 கலோரி உண்பதாகப் பதிவு செய்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பதிவில் சேராமல் 200 கலோரி உள்ளே போனாலும் 300 கலோரி இடைவெளி மிஞ்சுகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே குறையும், அவரும் தன் கணக்கு சரி என்று நம்புவார். எட்டுக் கிலோ குறைந்தபின் நிலைமை வேறு. எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும், இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கலோரி வீதம் குறைகிறது. எட்டுக் கிலோவுக்கு அது 200 கலோரியை ஒட்டி வரும். இப்போது உண்மையான இடைவெளி 100 கலோரிதான். அந்த வேகத்தில் ஒரு கிலோ குறைய இரண்டரை மாதம் ஆகும். அன்றாட நீர் ஏற்ற இறக்கத்துக்குள் அது கண்ணுக்கே தெரியாது. பதிவில் விடுபடும் அளவு கூடவே இல்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்த இடைவெளிதான் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, எடை குறைந்தவருக்குப் பசியும் கூடுகிறது. ஓர் அப்பளம் இரண்டாகிவிடுவது அவர் அறியாமலே நடப்பது.

இதைக் காட்டும் ஆய்வு ஒன்று 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் தமக்கு எடை குறைவதில்லை என்று சொன்னவர்களை நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு ஆற்றல் செலவைக் கணக்கிடும் முறை அதில் பயன்பட்டது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறையொன்றும் இல்லை. உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நினைவும் கண்ணும் உணவை அளக்கும் கருவிகள் அல்ல. யாராக இருந்தாலும் இதே பிழை நேரும்.

நம் வீடுகளில் அந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், முதலில் எண்ணெய் என்பேன். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி. தோசைக்கல்லில் சுற்றி விடுவதும், தாளிப்புக்குச் சாய்ப்பதும் எந்தக் கரண்டியிலும் அடங்குவதில்லை. சமையலில் பாதிக்கு மேல் என் மாமியார் கையால் நடப்பது. 'எண்ணெயக் கூடவா எடை போடுவாங்க? கை அளவு தெரியாதா எனக்கு?' என்று அவர் கேட்டது நியாயமே. ஐம்பது ஆண்டுகளாகச் சமைத்த கையை ஒவ்வொரு தாளிப்புக்கும் நிறுத்தி வைப்பது மரியாதையும் ஆகாது, நடைமுறைக்கும் ஒத்துவராது. 'நீங்க உங்க கையளவுலயே ஊத்துங்க அத்தை, நான் தூக்கை மட்டும் எடை பார்த்துக்கறேன்' என்றேன். காலையில் எண்ணெய்த் தூக்கை எடை போட்டு எழுதுவது, இரவு அடுப்படியைத் துடைத்தபின் மீண்டும் எடை போடுவது, வித்தியாசத்தை நால்வருக்கும் பகிர்வது: அவ்வளவுதான். யாருடைய சமையலிலும் தலையிடாமல் நாளின் மொத்த எண்ணெயும் கணக்கில் வந்துவிடுகிறது. வடை, பஜ்ஜி போடும் நாளில் வாணலியை எண்ணெயோடு முன்னும், ஆறியபின்னும் எடை பார்த்தால் பலகாரம் எவ்வளவு குடித்தது என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடும்.

தராசே இல்லாதவர்கள்கூட மாதாந்திர மளிகையைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது சுமார் 910 கிராம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி. செயலியில் இரண்டு தேக்கரண்டி என்று பதிந்தால் அங்கே இருப்பது 80 கலோரி மட்டுமே. மேலே சொன்ன 200 கலோரி எங்கே போயிற்று என்பதற்குப் பல வீடுகளில் இந்த ஒரு கணக்கே விடையாக அமைந்துவிடும்.

அடுத்தது தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரிக்கு மேல் இருக்கிறது. 400 கிராம் பீன்ஸ் பொரியலுக்கு 60 கிராம் தேங்காயும் 15 கிராம் எண்ணெயும் சேர்த்தால், பீன்ஸ் முழுவதற்கும் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கலோரி அந்தத் தேங்காயில் மட்டும் இருக்கும். காலைப் பலகாரத்தில் இது இன்னும் தெளிவு. வீட்டு இட்லி ஒன்று 60 கலோரியை ஒட்டியது. 100 கிராம் தேங்காயும் 30 கிராம் பொட்டுக்கடலையும் தாளிப்பும் சேர்ந்த சட்னியை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 140 கலோரி வரும்; இரண்டு இட்லியைவிட அவற்றோடு வரும் சட்னி அதிகம். இட்லியை எண்ணி எண்ணிச் சாப்பிடுபவர் சட்னியை ஒரு வரியாகக்கூடப் பதிவதில்லை. தேங்காயை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் அது இன்றும் உண்டு, துருவியபின் தராசைத் தொட்டுவிட்டுச் சட்டிக்குப் போகிறது.

ஒரே பாத்திரத்தில் வெந்து பலருக்கும் பரிமாறப்படும் உணவைத் தனியொருவர் கணக்கில் கொண்டுவருவதுதான் உண்மையில் கடினமானது, இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டதும் அதற்கான முறைதான். வீட்டிலுள்ள முக்கியப் பாத்திரங்களின் வெற்று எடையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். சாம்பார் வைக்கும்போது பருப்பு, எண்ணெய், காய், புளி ஆகியவற்றைப் பச்சையாகவே எடை போட்டுச் செயலியில் ஒரு சமையல் குறிப்பாகப் பதிகிறேன். கொதித்து இறக்கியபின் பாத்திரத்தோடு எடை பார்த்து, வெற்று எடையைக் கழித்தால் சாம்பாரின் மொத்த எடை கிடைக்கிறது. 150 கிராம் துவரம்பருப்பு, 20 கிராம் எண்ணெய், 300 கிராம் காய் எல்லாம் சேர்ந்து 800 கலோரியை ஒட்டி வந்து, இறக்கிய சாம்பார் 1,600 கிராம் இருந்தால் நூறு கிராமுக்கு 50 கலோரி. இனித் தட்டைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, ஊற்றிக்கொள்ளும் அளவைப் பார்ப்பது மட்டுமே வேலை. தண்ணீர் கூடினாலும் சுண்டினாலும் மொத்த எடையில் அது வந்துவிடுவதால் கணக்கு கெடுவதில்லை. அடிக்கடி செய்யும் குழம்புகளை ஒருமுறை பதிந்துவிட்டால் மறுமுறை எண்ணெய், பருப்பு, தேங்காய் அளவை மட்டும் திருத்தினால் போதும். கீரை, வெள்ளரி, தக்காளி ஆகியவற்றில் பத்து இருபது கிராம் துல்லியம் தேடுவது வீண் உழைப்பு. அவற்றில் நான் தாராளமாகவே இருக்கிறேன்.

செயலிகளின் உணவுப் பட்டியலில் பயன்படுத்துவோரே சேர்த்த பதிவுகள் ஏராளம். 'ஒரு கப் சாம்பார்' என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வரும். எந்தக் கப், யார் வீட்டுச் சாம்பார் என்பது எவருக்கும் தெரியாது. அரிசி இன்னும் சிக்கலானது. நூறு கிராம் அரிசி 350 கலோரியைச் சற்றுக் கடக்கும். வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரிதான். 75 கிராம் அரிசியை அளந்து உலையில் போட்டுவிட்டுச் சோற்றுக்கான பதிவைத் தேர்ந்தெடுத்தால் 265 கலோரி 100 கலோரியாக மாறிவிடும். நான் மூலப்பொருள்களை, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையோடு ஒப்பிட்டு, என் சொந்தப் பதிவுகளாகச் சேர்த்துக்கொண்டேன். 528 உணவுப் பொருள்கள் அதில் உள்ளன. ஆற்றல் அளவு அதில் கிலோஜூலில் தரப்பட்டிருக்கும், 4.184-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

காபியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு மில்லி டோன்டு பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் 100 கலோரி; 6 சதவீதக் கொழுப்புள்ள பாலானால் 130 வரை போகும். நாளுக்கு மூன்று என்றால் ஒரு வேளைச் சிற்றுண்டி.

வெளியுணவில் துல்லியம் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தர்ஷினி எனப்படும் சிறு சிற்றுண்டிக் கடை இருக்கிறது. உப்புமாவும் கேசரியும் சேர்ந்த சௌசௌ பாத்தில் எவ்வளவு டால்டா, எவ்வளவு நெய், மசால் தோசையில் எவ்வளவு வெண்ணெய் என்பதை வாடிக்கையாளர் அறிய வழியில்லை. ஐயங்கார் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் காரா பன்னுக்கு உறையும் இல்லை, உறையில் அச்சிட்ட சத்து விவரமும் இல்லை. வீட்டுச் சமையலுக்குப் பதியும் கலோரியைவிடக் கூட்டியே வெளியுணவைப் பதிவது என் வழக்கம். தேக்கத்தைச் சோதிக்கும் நான்கு வாரங்களில் மட்டும் வெளியுணவை வாரத்துக்கு ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது; ஊகம் கலந்த நாள்கள் மிகுந்தால் சோதனை எதையும் சொல்லாது.

கைக்கடிகாரம் காட்டும் உடற்பயிற்சிக் கலோரியை உணவுக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ளும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர் நான்கு கிலோமீட்டர் நடந்தால் கூடுதலாகச் செலவாவது பெரும்பாலும் 200 கலோரிக்குள்தான். அல்சூர் ஏரிப் பக்கமோ கப்பன் பூங்காவிலோ நடந்துவிட்டு வருபவர் வாசலிலேயே ஒரு தோசை உண்டால் அந்த இடைவெளி அங்கேயே தீர்ந்துவிடும். நடை வேறு பல நன்மைகளுக்காக அவசியம். உணவுக்கு விலையாக அதை எண்ணக் கூடாது என்பதே என் கருத்து.

நான்கு வாரம் இவ்வாறு எடை போட்டதில், பதிவுக்கும் உண்மைக்கும் இடையே நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி வேறுபாடு இருந்தது தெரிந்தது. பெரும்பகுதி எண்ணெய், தேங்காய், பால், சமைக்கையில் ருசி பார்ப்பது ஆகியவற்றிலிருந்து வந்தது. சோற்றைக் குறைக்காமல், இவற்றை மட்டும் சரிசெய்தபின் வாரச் சராசரி மெல்ல மீண்டும் இறங்கத் தொடங்கியது. இப்போது 70 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கிறேன். எல்லாவற்றையும் எடை போடுவது இப்போது இல்லை. எண்ணெய், தேங்காய், கடலை வகைகள், அரிசி ஆகியவை மட்டும் நாள்தோறும் தராசுக்குப் போகின்றன. சராசரி மூன்று வாரம் நின்றால் முழுப் பதிவுக்குத் திரும்புகிறேன். திருமண வீட்டுப் பந்தியிலும் பண்டிகை நாளிலும் தராசுக்கு வேலையில்லை.

முழுத் துல்லியத்தோடு ஒரு மாதம் பதிந்தும் சராசரி மாறாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. தைராய்டுச் சுரப்புக் குறைபாடு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவை எடையைப் பாதிக்கும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் தாமாக உணவளவை மாற்றக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், முன்பு உண்ணுதல் தொடர்பான மனநலச் சிக்கலுக்கு ஆளானவர்களுக்கும் இந்த முறையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எண்களின் மீதான கவனம் அவர்களுக்குத் தீங்காக முடியலாம்.

கருவியைப் பொறுத்தவரை, ஒரு கிராம் துல்லியமும் 5 கிலோ கொள்ளளவும் உள்ள சாதாரணத் தராசே இதற்குப் போதும். அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்தால் 515 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். அதுவே எளிய சோதனை. சூடான பாத்திரத்தை நேரடியாக வைக்காமல் இடையே ஒரு மரப்பலகையை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரம் எண் தெரியும் திரையை மறைக்காமல் இருப்பதற்கும் அதே பலகை உதவும். என்னிடமுள்ளதில் உள்ள ஒரே குறை, இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானே அணைந்து பூஜ்யமாக்கிய அளவை மறந்துவிடுவது. நிறைந்த பிரஷர் குக்கர் 5 கிலோவைத் தாண்டும் நாளில் குழம்பை இரு பாத்திரங்களில் பிரித்து எடை போடுகிறேன். அடுத்து வாங்கும்போது 10 கிலோ வரை தாங்குவதாகவும், தானாக அணையும் நேரத்தை மாற்றிக்கொள்ளக் கூடியதாகவும் பார்த்து வாங்குவேன்.