சர்வீஸ் வழக்கு: ஆணையத்தின் பக்கமா, மனுதாரர் பக்கமா?

மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் புதிதாக வரும் இளம் வக்கீல்களை ஒத்தக்கடைப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் பார்த்தாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: சர்வீஸ் பக்கம் போனால் தேறுமா? தேறும். தேர்வு, பணி நியமனம், பதவி உயர்வு, சஸ்பென்ஷன், பென்ஷன் என்று தென் மாவட்டங்களிலிருந்து வரும் வழக்குகளுக்கு இங்கே குறைவில்லை. 2004 ஜூலையில் கிளை திறந்ததும் நாகர்கோவில்காரர் சென்னைக்கு ரயில் ஏறும் தேவை போயிற்று. மாநில அரசு ஊழியர்களுக்கென்று இருந்த நிர்வாகத் தீர்ப்பாயமும் மூடப்பட்டுவிட்டதால், இப்போது அவர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுதான் வழி.

தேறுமா என்பதைவிட எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது. டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) போன்ற தேர்வு அமைப்புக்கு ஸ்டாண்டிங் கவுன்சலாக, அதாவது அதன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தும் வக்கீலாக நிற்கலாம். எதிரே மனுதாரருக்கு நிற்கலாம். அல்லது ஓர் அரசு அமைப்பின் சட்டப் பிரிவில் சம்பளத்துக்குச் சேரலாம்.

கடைசி வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 49-ஆவது விதி. சட்டப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார், பாராவாரிப் பதில் தயாரிப்பார், கவுண்டரின், அதாவது கோர்ட்டில் தாக்கலாகும் பதில் மனுவின், வரைவைச் சரிபார்ப்பார். கோர்ட்டில் எழுந்து நிற்கும் வேலை அவருக்கு இல்லை. கோப்பில் மனம் ஒன்றுகிறவருக்கு நல்ல இடம். வாதாடத்தான் சட்டம் படித்தேன் என்பவர் அங்கே போக வேண்டாம்.

மிச்சம் இரண்டு. நேரடியாக எதிரெதிர் நிற்பவை என்பதால் இவற்றில்தான் விஷயம் இருக்கிறது.

ஆணையத்தின் வக்கீல் என்றாலே படித்த பிள்ளைகளின் வயிற்றில் அடிப்பவர் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது ஒப்பாது. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு நினைவிருக்கும். 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை போட்டது. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. இப்படி ஒரு நடவடிக்கையைக் கோர்ட்டில் காப்பாற்ற நிற்கிறவர், நேர்மையாக எழுதிய லட்சக்கணக்கானோருக்காகவும்தான் நிற்கிறார். அவர்கள் யாரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலையின் நடைமுறை வேறு மாதிரி. ஆணையம் இருப்பது சென்னையில், வழக்கு மதுரையில். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவர் வெள்ளிக்கிழமை லஞ்ச் மோஷன் (மதிய இடைவேளை முடிந்ததும் எடுக்கக் கேட்கும் அவசர மனு) போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் நின்று சென்னைக்குப் போன் போட்டு, என்ன காரணத்துக்காக நிராகரித்தார்கள் என்று இரண்டே காலுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால், 'தேர்வு எழுதட்டும், முடிவை மட்டும் நிறுத்தி வையுங்கள்' என்று இடைக்கால உத்தரவு வரக்கூடும். அதன் பிறகு கவுண்டர் தாக்கல் செய்து, தடையை நீக்க மனு போட்டு, மாதக்கணக்கில் இழுக்கும். இதே தேர்வைப் பற்றிச் சென்னையிலும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே என்ன சொன்னோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், இதே வழக்குக் கட்டில் அரசுத் துறையும் எதிர்மனுதாரர். காலியிடம் எத்தனை என்று கணக்குக் கொடுப்பது துறை, ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது ஆணையம். கணக்கு தப்பினால் அரசு வக்கீல் ஆணையத்தைக் காட்டுவார், ஆணையத்தின் வக்கீல் துறையைக் காட்டுவார். நீதிபதி இருவரையும் பார்ப்பார்.

சட்டத்தின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? இங்கே வழக்கின் வகையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. என் கணக்கில் பக்கத்தைவிட அதுதான் முக்கியம்.

தேர்வு சம்பந்தமான வழக்கில் காற்று பெரும்பாலும் ஆணையத்தின் பக்கம். விடைக் குறிப்பு தப்பு என்று வரும் மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. பையனுக்கு ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை போயிருக்கும், வேதனை நியாயமானது. ஆனால் அந்த ஒரு விடையை மாற்றினால் அவனுக்கு மட்டும் மாறாது. 2022 குரூப் 4-க்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். அவ்வளவு பெரிய தேர்வில் ஒரு விடை மாறினால் தரவரிசையே குலுங்கும். விடைக் குறிப்பில் தவறு வெளிப்படையாக, நீண்ட விளக்கம் தேவைப்படாமல் தெரிந்தால் மட்டுமே கோர்ட் கை வைக்கலாம், சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு அமைப்புக்கே என்று 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியலில் பெயர் வந்ததாலேயே வேலை கேட்கும் உரிமை வந்துவிடாது என்று 1991-இலேயே சங்கர்சன் தாஷ் வழக்கில் சொன்னது. போதாக்குறைக்கு, தேர்வானவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் அவர்கள் தேர்வை ரத்து செய்யக் கேட்டால் மனு அங்கேயே தடுக்கி விழும்.

தேர்வர் பக்கம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றுவது அதில் முதலாவது. அப்படி மாற்றக்கூடாது என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்தியிருக்கிறது. அடுத்தது இடஒதுக்கீட்டுக் கணக்கு. 69 சதவீதம், அதற்குள் குறுக்காக ஓடும் பெண்களுக்கான 30 சதவீதம், தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீதம் என்று அடுக்கடுக்காக இருக்கும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தெரிந்த வக்கீல் யாராக இருந்தாலும், எந்தப் பக்கம் நின்றாலும், அவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வக்கீல்களில் பலர் கணக்கென்றால் ஒதுங்கிவிடுகிறோம் என்பது இதில் ஒரு வசதி.

ஒழுங்கு நடவடிக்கை வழக்கில் காற்று திரும்புகிறது. 17பி சார்ஜ் மெமோ (ஒழுங்கு விதிகளின் கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வாங்கிய வருவாய் ஆய்வாளர், வருஷக்கணக்கில் சஸ்பென்ஷனில் கிடக்கும் கிராம நிர்வாக அலுவலர், ஓய்வு பெறும் நாளன்று நிறுத்தி வைக்கப்பட்ட ஆசிரியர் ஆகியோருக்கு 311-ஆவது பிரிவும் இயற்கை நீதியும் கைகொடுக்கின்றன. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் சஸ்பென்ஷனை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் வந்த தீர்ப்பு ஒன்றே எத்தனையோ மனுக்களைத் தாங்குகிறது. இதில் தேர்வாணையத்தின் பங்கு ஆலோசனை சொல்வது மட்டுமே. 320-ஆவது பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. அந்த ஆலோசனையை நம்பித் தண்டித்துவிட்டு அதன் நகலை ஊழியருக்குத் தராமல் விட்டால், அந்த ஓட்டையிலேயே உத்தரவு விழக்கூடும்.

பணத்தைப் பேசாமல் முடியாது. மனுதாரர் பக்கம் வருகிறவர் வேலையில்லாத பட்டதாரி, இல்லையென்றால் சஸ்பென்ஷனில் தரும் பிழைப்பூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர். தேர்வர்கள் பத்து இருபது பேராகச் சேர்ந்து வந்தால் பீஸ் ஓரளவு தேறும். அதிலும் பாதிப் பேர் உத்தரவு வரட்டும் சார் என்பார்கள். ஆணையத்தின் பக்கம் பீஸ் நிர்ணயித்தது, கட்டுகள் தொடர்ந்து வரும். பில் பாஸாகி வரும்வரை குமாஸ்தா சம்பளத்தைக் கையிலிருந்து கொடுக்கும் தெம்பு வேண்டும். அரசு சார்ந்த வக்கீல் பேனல் எதுவானாலும் இந்தத் தெம்பு இல்லாமல் ஏறக்கூடாது. ஆட்சியோ தலைமையோ மாறினால் பேனலும் மாறலாம். மாறிய மறுநாளே எதிர்ப்பக்கம் போய், தானே கவுண்டர் போட்ட வழக்கில் மனுதாரருக்கு நிற்கவும் முடியாது; பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

என் தேர்வு இது. முதல் ஐந்தாறு வருஷம் மனுதாரர் பக்கம், அதிலும் ஒழுங்கு நடவடிக்கை, பென்ஷன் வழக்குகள். விசாரணை அறிக்கையை வரி வரியாகப் படித்து ஓட்டை தேடும் பழக்கம் அங்கேதான் வரும். ஒன்றரை மதிப்பெண்ணோடு வரும் தம்பியிடம், 'இதில் கேஸ் இல்லப்பா, அடுத்த தேர்வுக்குப் படி' என்று பீஸ் வாங்காமல் அனுப்பவும் அங்கேதான் கற்க வேண்டியிருக்கும். ஆணையத்தின் பேனல் பத்து வருஷம் கழித்து வரட்டும். அப்போது எதிரே இருக்கும் மனுவில் எது சாரம், எது சக்கை என்று பார்த்ததும் தெரியும். சாரம் உள்ள மனுவில் வீம்புக்கு வாதாடாமல், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஆணையத்துக்குக் கருத்து எழுதும் துணிவும் இருக்கும். தினமும் அதே நீதிபதி முன்னால் நிற்கிற ஸ்டாண்டிங் கவுன்சலுக்கு அவர் வாய்ச்சொல்லின் மேல் உள்ள நம்பிக்கைதான் மூலதனம்.

இப்போதே ஒரு ஸ்டாண்டிங் கவுன்சல் ஆபீஸில் ஜூனியராக இடம் கிடைத்தால்? போகலாம், இரண்டைக் கேட்டுவிட்டு. கவுண்டர் வரைவை நீங்கள் எழுத விடுவாரா, அல்லது ஹால் ஹாலாகப் போய் பாஸ் ஓவர் (வழக்கைச் சற்றுத் தள்ளி எடுங்கள் என்று) கேட்க மட்டும் அனுப்புவாரா? ஆணையம் சம்பந்தப்படாத சர்வீஸ் வழக்குகளை நீங்கள் சொந்தமாக எடுத்துக்கொள்ளச் சம்மதமா? இரண்டாவதற்குச் சம்மதிக்காத ஆபீஸில், முதலாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.