இன்ஸ்டாகிராமில் இமாம்பசந்த் மாம்பழம் விற்பவர்களுக்கு முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள்

"தோட்டத்திலிருந்து நேரடியாக இமாம்பசந்த். மரத்திலேயே பழுத்தது. கார்பைடு கிடையாது." இப்படி விளம்பரம் போட்டு, முழுப் பணத்தையும் முன்னாலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டு, பிஞ்சில் பறித்து மருந்து வைத்த பழங்களை எனக்கு அனுப்பினார் ஒருவர். இது இந்த மே மாதம் நடந்தது. பணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஜாம் போடவும் கேக் செய்யவும் மொத்தமாக மாம்பழம் வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

சென்னையில் எங்கள் வீட்டில் வருடா வருடம் மே மாதம் மாம்பழ ஜாம் போடுவது வழக்கம். லீவுக்கு வரும் அண்ணன் பிள்ளைகளுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் பாட்டில் பாட்டிலாகப் போகும். அதோடு ரவை போட்ட மாம்பழக் கேக்கும் உண்டு. ஜாமுக்கு நான் தேடுவது இமாம்பசந்த்தான். நார் இல்லை, விழுது வெண்ணெய் மாதிரி வரும், அடுப்பில் கொதித்த பிறகும் வாசனை நிற்கும். திருச்சி காவிரிக்கரைப் பக்கம் விளையும் பழத்துக்குத் தனி ருசி. சென்னையில் அது எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். ஆன்லைன் விற்பனையாளர்களுக்குப் பிழைப்பு ஓடுவதே இதனால்தான்.

இந்த ஆளின் பக்கத்தில் நல்ல நல்ல படங்கள் இருந்தன. மரத்தில் தொங்கும் காய், கூடை தூக்கி வரும் பெண்கள், நறுக்கி வைத்த தட்டு. கிலோ 220 ரூபாய், 10 கிலோ பெட்டி, கூரியர் தனி. ஜாமுக்கு வேண்டும், வாசனை முக்கியம் என்று தெளிவாகச் சொன்னேன். "அக்கா, நம்ம தோட்டத்துப் பழம், மரத்துலயே பழுத்து இறக்குறோம், நீங்க தைரியமா வாங்கலாம்" என்று குரல் பதிவு அனுப்பினார். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

பெட்டி வந்தது. மேல் அடுக்கில் இருந்தவை ஓரளவு இமாம்பசந்த் போலத்தான் இருந்தன. கீழ் அடுக்குகளில் எல்லாம் ஒரே அளவில், ஒரே மஞ்சளில் பழங்கள். இமாம்பசந்த் நன்றாகப் பழுத்தாலும் தோலில் பச்சை முழுவதும் போகாது. மஞ்சள் ஓடிய பச்சையாக, மெல்லிய தோலோடு இருக்கும். சீராக மஞ்சளாகிற பழம் பங்கனப்பள்ளி. அது குறைந்த பழம் என்று சொல்லவில்லை, நல்ல பங்கனப்பள்ளிக்கு நானே ரசிகை. ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கு இல்லை. விலையும் அதன் விலை இல்லை.

அதைவிட மோசமானது அடியில் இருந்தது. செய்தித்தாளை மடித்துச் செய்த சின்னப் பொட்டலங்கள், உள்ளே சாம்பல் நிறத்தில் தூள். பெட்டியைத் திறந்ததும் பழ வாசனையே இல்லை, பூண்டு அழுகின மாதிரி ஒரு நெடி அடித்தது. பழுக்க வைக்கப் போடும் கால்சியம் கார்பைடு ஈரக்காற்றில் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், மிச்சமாகச் சுண்ணாம்புத் தூள் தங்கும். கடைத்தெருவில் கிடைக்கும் கார்பைடில் பாஸ்பரஸ், ஆர்சனிக் கலப்பு இருக்கும். அந்தப் பூண்டு நெடி அதிலிருந்து வருவதுதான். நான் சோதனைச்சாலைக்கு எடுத்துப் போகவில்லை. ஆகவே அது கார்பைடுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்டதற்கு, "மேடம், அது எத்திலீன் பாக்கெட், கவர்ன்மென்ட்டே பர்மிஷன் குடுத்தது" என்று பதில் வந்தது. பணம் வாங்கும்வரை அக்கா, அதன் பிறகு மேடம்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்கவே கூடாது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானே பழுக்கும்போதும் அதே வாயுதான் அதிலிருந்து வருகிறது, அதனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. எத்திலீன் பொட்டலம் என்றால் தயாரித்தவர் பெயர், விவரம் எல்லாம் அச்சிட்ட உறையில், தூள் பழத்தில் படாதபடி வர வேண்டும். தினசரித் தாளில் மடித்த தூளை எத்திலீன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், மரத்திலேயே பழுத்தது என்று சொன்ன பெட்டிக்குள் பழுக்க வைக்கும் பொட்டலம் எதற்கு? இதைக் கேட்டதற்கு அவரிடமிருந்து பதிலே இல்லை.

உண்மையில் "மரத்திலேயே பழுத்தது" என்ற பேச்சைக் கேட்டாலே உஷாராகிவிடுங்கள். மரத்தில் முழுதாகப் பழுத்த இமாம்பசந்த் கூரியர் வண்டியில் ஒரு ராத்திரி தாங்காது, கூழாகிவிடும். தொலைவுக்கு அனுப்புகிற நேர்மையான தோட்டக்காரர்கள் நன்றாக விளைந்த காயைப் பறித்து அனுப்புவார்கள், அது நம் வீட்டில் பழுக்கும். அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமே கிடையாது.

கல்லாக இருந்த சில பழங்களைப் பற்றிச் சொன்னபோது, "ரெண்டு நாள் பிரிட்ஜ்ல வைங்க, செட் ஆயிடும்" என்றார். யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். பழுக்காத மாங்காயைப் பிரிட்ஜில் வைத்தால் குளிரில் அடிபட்டுத் தோல் கறுத்துப் போகும், அதன் பிறகு அது ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. மாம்பழம் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. பழம் கெட்டதற்கு நம்மையே காரணமாக்கிவிடலாம் என்ற கணக்குதான்.

சரி, நறுக்கினால் என்ன ஆயிற்று? வெளியே மஞ்சள், கொட்டையை ஒட்டி வெளுத்த சதை, பல்லில் மாவு மாதிரி ஒட்டியது. காய் மரத்தில் விளையும்போது அதற்குள் மாவுச்சத்து சேர்கிறது, பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. சேர வேண்டியது சேராமலே பறித்துவிட்டால், எந்த வாயுவை வைத்தாலும் தோல்தான் நிறம் மாறும். அந்தத் தூளின் நெடி அடித்த கீழ் அடுக்குகளை அப்படியே குப்பைக்கு அனுப்பினேன். பொட்டலம் படாத மேல் அடுக்கை மட்டும் தேய்த்துக் கழுவி, தோலைத் தடிமனாகச் சீவி, கொஞ்சமாக ஒரு ஜாம் வைத்துப் பார்த்தேன்.

ஜாம் இறுகியது, நன்றாகவே இறுகியது. முழுதும் பழுக்காத பழத்தில், ஜாமை இறுக வைக்கும் பெக்டினும் புளிப்பும் கூடுதல். நாமே கூட நன்றாகக் கனிந்த பழத்தோடு கொஞ்சம் காய்ப்பதத்துப் பழம் சேர்ப்பது அதற்காகத்தான். ஆனால் வாசனை? துளிகூட இல்லை. ஒரு கிலோ விழுதுக்கு வழக்கமாகப் போடும் முக்கால் கிலோ சர்க்கரை போதவில்லை. இன்னும் போட்டபோது வெறும் சர்க்கரைப் பாகு நாக்கில் நின்றது. கேக் அதைவிட ஏமாற்றம். ஓவனில் 180 டிகிரியில் வெந்து வந்ததில் மாம்பழம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. மாம்பழ எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. எசன்ஸ் ஊற்றுவதற்கு எதற்காக மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றார். இருந்தது, அனுப்பினேன். அது வெட்டாத வீடியோவாக இருக்க வேண்டும் என்றார். அதுவும் வெட்டாததுதான். அதன் பிறகு, அழுகும் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்றார். கடைசியில் சமாதானமாக, அவர்கள் வீட்டில் செய்தது என்று சொல்லி மூன்று பாட்டில் மாம்பழ ஜாம் அனுப்பி வைத்தார்.

அந்த ஜாமைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தனியாகவும் விற்கிறார்கள். பளீரென்று ஆரஞ்சு நிறம். லேபிளில் "100 சதவீதம் பழம்" என்று போட்டிருந்தது. தயாரித்த தேதி இல்லை, என்னென்ன சேர்த்தார்கள் என்ற பட்டியல் இல்லை. ஜாம் என்ற பெயரில் விற்பதற்கு நம் நாட்டு விதிப்படி எடையில் குறைந்தது 45 சதவீதம் பழம் இருக்க வேண்டும், கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நூறு சதவீதம் பழம் என்று யார் எழுதினாலும் சர்க்கரையை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். உணவு விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் ஒன்று அச்சிட்டிருந்தது. 14 இலக்கம் சரியாக இருந்தது, பார்த்தால் நம்பும்படி இருந்தது. ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு மாவட்டத்தில், வேறு பெயரில் ஒரு மளிகைக் கடை வந்தது. வீட்டிலிருந்து செய்து விற்கும் சிறு தொழிலுக்குப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். எனக்குத் தெரிந்து வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள் அதை ஒழுங்காகக் கட்டிப் பதிவு வாங்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் எண்ணைத் திருடி ஒட்டுகிறவரால் அவர்கள் பெயரும் கெடுகிறது. எனக்குப் பணத்தைவிட இதில்தான் கோபம் அதிகம். பாட்டில்களைத் திறக்காமல் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசலாம். உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. அது நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இப்படி யாருக்காவது நடந்திருந்தால் விளம்பரம், பணம் அனுப்பிய ரசீது, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். கணக்கையே மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழம் வாங்கத்தான் வேண்டும், ஜாம் போடத்தான் வேண்டும். நான் இப்போது செய்வது காயாக வாங்குவது. விளைந்த காயைப் பார்த்தாலே தெரியும். காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சில் பறித்தது மிதக்கும். கழுவி, காம்புப் பால் வடிய விட்டு, துடைத்து வைக்கோலிலோ அரிசி டப்பாவிலோ வைத்தால் போதும். அதன் சொந்த எத்திலீனிலேயே பழுக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஜாம் போடுகிறவர்களுக்கு அது நல்லதுதான், முன்னால் பழுத்ததை ஒரு ஈடு, பின்னால் பழுத்ததை இன்னொரு ஈடு என்று போடலாம். தூரத்திலிருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால், எப்போது பறித்தது, காயா பழமா என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் இரண்டு கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள்.

அந்தப் பக்கத்தில் இப்போது அதே தோட்டம், அதே கூடை தூக்கும் பெண்கள் படங்களோடு "நீலம் முன்பதிவு" விளம்பரம் ஓடுகிறது. மேலே சொன்ன ஜாம் பாட்டிலைப் பெட்டியோடு இலவசமாகத் தருகிறார்களாம். முழுப் பணமும் முன்னால் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.